மூன்று நாள் அனுமதி: அமான் முதல் விசா வரை



நம் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டுப் பயணத்துக்குச் ‘சபர்’ என்று பெயர். சபர் சென்றவரைச் ‘சபராளி’ என்போம். முன்பெல்லாம் சபர் என்றால் பொருளீட்டச் செல்வது என்றே பொருள். இன்று மகன் ஜெர்மனியில் பணியாற்றுகிறான். மகள் இலண்டனில் குடியிருக்கிறாள். பேரப்பிள்ளையின் முகம் பார்த்துவர உம்மாவும் வாப்பாவும் மூன்று மாதம் புறப்படுகிறார்கள். அதற்குமுன் ஒரு படிவம் அவர்கள் கையில் தரப்படுகிறது. உங்களை அழைப்பவர் யார்? அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? எதற்காக வருகிறீர்கள்? எத்தனை நாள் தங்குவீர்கள்? செலவை யார் ஏற்பார்? திரும்பிச் செல்வீர்கள் என்பதற்கு என்ன உறுதி?

இக்கேள்விகளைப் படிக்கும்போது நம்மில் பலருக்கு மனம் சுருங்குகிறது. பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போவதற்கு இத்தனை விசாரணையா என்று கேட்கிறோம். இன்னும் சிலர், இது வெறும் காகிதம், உள்ளே போய்ச் சேர்வதற்கு எதை எழுதினால் நல்லதோ அதை எழுதிவிடலாம் என்று நினைக்கிறோம். இந்த இரண்டாவது நினைப்பைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம். விசா என்னும் சொல் புதிது. ஆனால் அதனுள் இருக்கும் செய்தி, அதாவது ஒருவர் தம் எல்லைக்குள் இன்னொருவரை நிபந்தனையோடு அனுமதிப்பது, நம் மார்க்க வரலாற்றில் மிகப் பழையது. ‘அமான்’ என்பது அதன் பெயர். ஈமான், அமானிதம் ஆகிய சொற்கள் பிறந்த அதே வேரிலிருந்துதான் இச்சொல்லும் பிறந்தது.

பாலைவனத்தில் அழைப்பும் அடைக்கலமும்

இஸ்லாத்துக்கு முந்திய அரபு மண்ணில் தனி மனிதன் தன் கோத்திரத்தின் எல்லையைத் தாண்டினால் அவன் உயிருக்கும் உடைமைக்கும் பொறுப்பேற்க யாரும் இல்லை. மக்காவின் குறைஷியர் வணிகர்கள். குளிர்காலத்திலும் கோடைகாலத்திலும் அவர்கள் மேற்கொண்ட பயணங்களைத் திருக்குர்ஆனின் 106ஆவது அத்தியாயம் குறிப்பிடுகிறது. அப்பயணங்கள் அச்சமின்றி நடைபெற, வழியிலுள்ள கோத்திரங்களோடும் எல்லைக்கு அப்பாலுள்ள அரசுகளோடும் உடன்பாடுகள் தேவைப்பட்டன. நபி (ஸல்) அவர்களின் முப்பாட்டனார் ஹாஷிம் ஷாம் தேசப் பயணத்துக்கும், அவருடைய சகோதரர்கள் அபிசீனியா, யமன், இராக் பகுதிகளுக்கான பயணங்களுக்கும் இத்தகைய பாதுகாப்பு உறுதிகளைப் பெற்றுத் தந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்படியொரு பயணத்தின்போதுதான் ஹாஷிம் காஸாவில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அரசுகளுக்கிடையே உடன்பாடு இருந்தது போலவே, தனி மனிதருக்கிடையே ‘ஜிவார்’ என்னும் அடைக்கல முறை இருந்தது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் ‘இவர் என் பொறுப்பில் இருக்கிறார்’ என்று அறிவித்துவிட்டால் ஊரார் அதை மதிப்பார்கள். நபி (ஸல்) அவர்களே இம்முறையின் துணையோடு தம் சொந்த ஊருக்குள் நுழைய நேர்ந்தது. தாயிஃப் நகரில் கல்லடி பட்டுத் திரும்பிய அவர்களால் உடனே மக்காவுக்குள் நுழைய இயலவில்லை. ஊர் எல்லையில் தங்கி, ஒருவர் பின் ஒருவராக மக்காவின் பிரமுகர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அக்னஸ் இப்னு ஷரீக் மறுத்தார். ஸுஹைல் இப்னு அம்ரும் மறுத்தார். மூன்றாவதாக முத்இம் இப்னு அதீ சம்மதித்தார். அவரும் அவருடைய மக்களும் ஆயுதம் தரித்துக் கஃபாவின் அருகே நிற்க, நபியவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

முத்இம் இஸ்லாத்தை ஏற்கவில்லை. ஆயினும் அவர் செய்த உதவியை நபி (ஸல்) அவர்கள் மறக்கவில்லை. பத்ருப் போரில் கைதானோரைப் பற்றிப் பேசும்போது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகக் கேட்டிருந்தால் அவருக்காக இவர்கள் அனைவரையும் விட்டிருப்பேன் என்ற கருத்தை அவர்கள் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நமக்காக ஒருவர் பொறுப்பேற்றார் என்றால், அவர் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவராயினும், அந்த நன்றிக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்பதை இந்நிகழ்ச்சி கற்பிக்கிறது.

மறுக்கப்பட்ட உம்ராவும் மூன்று நாள் அனுமதியும்

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, துல்கஅதா மாதம். நபி (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களோடு இஹ்ராம் அணிந்து, குர்பானிப் பிராணிகளுடன் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களின் நோக்கம் வழிபாடு ஒன்றே. ஆயினும் மக்காவின் எல்லையில், ஹுதைபிய்யாவில், தடுத்து நிறுத்தப்பட்டார்கள். பேச்சுவார்த்தைக்காக உஸ்மான் (ரலி) அவர்கள் மக்காவுக்குள் அனுப்பப்பட்டபோது, அவர்களும் அபான் இப்னு ஸயீத் என்னும் உறவினரின் அடைக்கலத்தில்தான் உள்ளே சென்றார்கள். ‘நீர் வேண்டுமானால் தவாஃப் செய்துகொள்ளும்’ என்று குறைஷியர் சொன்னார்கள். நபியவர்கள் செய்யாத தவாஃபைத் தாம் மட்டும் செய்ய உஸ்மான் (ரலி) இசையவில்லை.

முடிவில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. இவ்வாண்டு திரும்பிச் செல்லவேண்டும். அடுத்த ஆண்டு வரலாம். மூன்று நாள் மட்டுமே தங்கலாம். வாள்கள் உறையில் இருக்கவேண்டும். எந்த நாட்டு விசாவிலும் காணப்படும் கூறுகள் அத்தனையும் இதில் இருப்பதைக் கவனியுங்கள். நுழையும் காலம், தங்கும் நாள், அனுமதிக்கப்பட்ட நோக்கம், கொண்டுவரத்தக்க பொருள். தோழர்களுக்கு இது பெருந்துயரமாக இருந்தது. மக்கா அவர்களுள் பலர் பிறந்து வளர்ந்த ஊர். அவர்களின் வீடுகள் அங்கே இருந்தன. தம் ஊருக்குள் செல்ல இன்னொருவரின் அனுமதிக்குக் காத்திருக்கும் வேதனையை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பும் நம் பெற்றோரைவிட அதிகமாகவே அவர்கள் அனுபவித்தார்கள். இருந்தும் இஹ்ராமைக் களைந்து, தலைமுடி மழித்து, மதீனாவுக்குத் திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு, ஹிஜ்ரி 7, துல்கஅதாவில் நபி (ஸல்) அவர்கள் மீண்டும் வந்தார்கள். வழிப்பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த போர்க்கருவிகளை ஹரம் எல்லைக்கு வெளியே காவலர்களோடு நிறுத்திவிட்டு, உறையிலிட்ட வாளுடன் மக்காவுக்குள் நுழைந்தார்கள். தவாஃபும் ஸஃயும் நிறைவேறின. மூன்று நாளும் முடிந்தன. அப்போது நிகழ்ந்த ஒன்றை வரலாற்று நூல்கள் குறித்து வைத்திருக்கின்றன. அந்நாட்களில் நபியவர்கள் மைமூனா (ரலி) அவர்களை மணந்திருந்தார்கள். குறைஷியரின் சார்பில் ஹுவைத்திப் இப்னு அப்துல் உஸ்ஸா சிலருடன் வந்து, காலம் முடிந்துவிட்டது, புறப்படுங்கள் என்றார். சற்று அவகாசம் தந்தால் திருமண விருந்தை இங்கேயே சமைத்து உங்களுக்கும் பரிமாறுவேனே என்ற பொருளில் நபியவர்கள் கேட்டார்கள். உங்கள் விருந்து எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் மறுத்தார்கள்.

அந்நேரத்தில் மக்காவில் நபியவர்களுடன் ஆயிரத்துக்கு மேற்பட்ட தோழர்கள் இருந்தார்கள். குறைஷியரில் பலரோ ஊரைவிட்டு மலைகளுக்குச் சென்றிருந்தார்கள். இன்னும் ஒரு பொழுது தங்கினால் தடுக்கும் வலிமை யாருக்கும் பெரிதாக இருந்திருக்காது. ஆயினும் நபியவர்கள் புறப்படும்படி அறிவிக்கச் செய்தார்கள். புதுமணப்பெண்ணைப் பின்னர் அழைத்துவரத் தம் பணியாளர் அபூ ராஃபிஉ (ரலி) அவர்களை விட்டுவிட்டு, மக்காவுக்கு வெளியே ஸரிஃப் என்னும் இடத்தில் இறங்கினார்கள். மண வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. கொடுத்தது பகைவர், கொடுத்ததும் குறைவு, கேட்ட சிறு நீட்டிப்பும் மறுக்கப்பட்டது. எனினும் நாள் முடிந்ததும் வெளியேறினார்கள். நம் கட்டுரையின் நடுநாயகம் இந்நிகழ்ச்சிதான்.

அழைத்தவரின் சொல்லுக்கு என்ன மதிப்பு?

அடுத்த ஆண்டே, ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றி கிட்டியது. இப்போது அனுமதி அளிக்கும் இடத்தில் முஸ்லிம்கள் இருந்தார்கள். அப்போது இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன.

முதலாவது, அபூ தாலிபின் மகள் உம்மு ஹானி (ரலி) அவர்களைப் பற்றியது. அவருடைய கணவர் வழி உறவினர் இருவர் அவர் வீட்டில் தஞ்சம் புகுந்தார்கள். அவருடைய சகோதரர் அலீ (ரலி) அவ்விருவரையும் கொல்ல முனைந்தார். உம்மு ஹானி நேராக நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார். நீர் அடைக்கலம் தந்தவருக்கு நாமும் அடைக்கலம் தந்தோம் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஒரு பெண்மணி, எந்த அரசுப் பொறுப்பும் இல்லாதவர், தம் வீட்டு வாசலில் கொடுத்த வாக்கு முழுச் சமுதாயத்தையும் கட்டுப்படுத்தியது. இதிலிருந்தும் இதையொத்த நபிமொழிகளிலிருந்தும், சாதாரண முஸ்லிம் ஒருவர் அளிக்கும் அமானையும் மற்றவர்கள் மதிக்கவேண்டும் என்னும் சட்டத்தை அறிஞர்கள் வகுத்தார்கள்.

இரண்டாவது, ஸஃப்வான் இப்னு உமய்யா பற்றியது. குறைஷித் தலைவர்களுள் ஒருவரான அவர் அஞ்சி ஓடி, கப்பலேறிவிடும் எண்ணத்தோடு ஜித்தாவை அடைந்தார். அவருடைய உறவினர் உமைர் இப்னு வஹ்பு (ரலி) நபியவர்களிடம் அவருக்காக அமான் கேட்டுப் பெற்றார். ஸஃப்வான் நம்பமாட்டாரே, ஓர் அடையாளம் தாருங்கள் என்று வேண்ட, நபியவர்கள் மக்காவுக்குள் நுழைந்தபோது அணிந்திருந்த தலைப்பாகையையே கொடுத்தனுப்பினார்கள். அதைக் கண்ட பிறகே ஸஃப்வான் திரும்பி வந்தார். முடிவெடுக்க இரண்டு மாதம் அவகாசம் கேட்டார். நான்கு மாதம் தரப்பட்டது. இன்று கடவுச்சீட்டில் ஒட்டப்படும் முத்திரைத்தாள் செய்யும் வேலையை அன்று அந்தத் தலைப்பாகை செய்தது. ஹுனைன் போருக்குப் பிறகு ஸஃப்வான் இஸ்லாத்தில் இணைந்தார்.

பயண நோக்கம் என்று எதை எழுதினோம்?

அழைப்பையும் காலக்கெடுவையும் போலவே பயணத்தின் நோக்கமும் ஒரு வாக்குறுதிதான். ஹுதைஃபா இப்னுல் யமான் (ரலி) தாமே சொன்ன ஒரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அவரும் அவர் தந்தையும் மதீனாவுக்குச் செல்லும் வழியில் குறைஷியரிடம் சிக்கினார்கள். நீங்கள் முஹம்மதிடம் போகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, மதீனாவுக்குத்தான் போகிறோம் என்றார்கள். அப்படியானால் அவருடன் சேர்ந்து எங்களை எதிர்த்துப் போரிடமாட்டோம் என்று அல்லாஹ்வின் பெயரால் வாக்குக் கொடுங்கள் என்று குறைஷியர் கேட்டார்கள். இருவரும் கொடுத்தார்கள், விடுவிக்கப்பட்டார்கள்.

பத்ருப் போருக்கு நபி (ஸல்) அவர்கள் ஆயத்தமான நேரம் அது. முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம்; எதிரிகள் ஆயிரத்தை ஒட்டியவர்கள். இரண்டு வீரர் கூடினாலும் பெரிது. தந்தையும் மகனும் நடந்ததைச் சொன்னார்கள். நபியவர்கள் அவ்விருவரையும் போரில் சேர்க்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவோம், அல்லாஹ்விடம் உதவி தேடுவோம் என்ற கருத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நெருக்கடியில் கொடுத்த வாக்கு இது, பகைவருக்குக் கொடுத்த வாக்கு இது என்று தட்டிக்கழிக்க எத்தனையோ காரணம் இருந்தது. எதையும் அவர்கள் தேடவில்லை.

ஃபிக்ஹு நூல்களில் ‘முஸ்தஃமின்’

இந்நிகழ்ச்சிகளை ஆதாரமாகக் கொண்டு சட்ட அறிஞர்கள் அமானுக்கென்று தனி அத்தியாயங்கள் எழுதினார்கள். இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவர் இமாம் முஹம்மத் அஷ்ஷைபானீ (மறைவு ஹிஜ்ரி 189) பன்னாட்டு உறவுகள் குறித்து எழுதிய நூல்கள் இத்துறையில் முன்னோடிகள். அமான் பெற்று நுழையும் வெளிநாட்டாருக்கு ‘முஸ்தஃமின்’ என்று பெயர். அவருடைய உயிரும் பொருளும் பாதுகாக்கப்படும். அவர் எவ்வளவு காலம் தங்கலாம் என்பதையும் ஆராய்ந்தார்கள். ஹனஃபி மத்ஹபில் ஓராண்டுக்குக் குறைவாகத் தங்கலாம். அதைத் தாண்டினால் அவர் குடிமகனாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி நான்கு மாதம் எல்லை.

அதே அறிஞர்கள் மறுபக்கத்தையும் எழுதினார்கள். முஸ்லிம் ஒருவர் முஸ்லிமல்லாதார் ஆளும் நாட்டுக்குள் அமான் பெற்று நுழைந்தால் அவருடைய கடமை என்ன? அவர்களிடமிருந்து நாம் பாதுகாப்புப் பெறுவது போலவே நம்மிடமிருந்து அவர்களும் பாதுகாப்புப் பெற்றுவிடுகிறார்கள் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (மறைவு ஹிஜ்ரி 620) இன்னும் ஒருபடி மேலே சென்று, நுழைபவர் ஏமாற்றக்கூடாது என்னும் நிபந்தனை வாயால் சொல்லப்படாவிட்டாலும் அமானின் பொருளுக்குள்ளேயே அடங்கியுள்ளது என்று விளக்குகிறார். நாங்கள் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே, படிவத்தில் கையெழுத்துத்தானே போட்டோம் என்று சொல்வோருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட பதில் இது. இன்றைய விசா இத்தகைய உடன்படிக்கையே என்று இக்கால அறிஞர்கள் பலரும் கூறுகிறார்கள்.

பாப்பிரஸ் தாள் முதல் புத்தளம் வரை

நூல்களில் எழுதப்பட்டவை நடைமுறையிலும் இருந்தன. உமய்யாக்களின் காலத்தில் எகிப்தில் வழங்கப்பட்ட பயணச்சீட்டுகள் சில, பாப்பிரஸ் தாள்களில், இன்றும் எஞ்சியுள்ளன. கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவற்றில் பயணியின் பெயர், உடல் அடையாளங்கள், போகும் நோக்கம், திரும்பவேண்டிய காலம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கின்றன. இவை வரி தவறாமல் வசூலாகவேண்டும் என்பதற்காகவும் குடியானவர்கள் ஊர்விட்டு ஓடாதிருக்கவும் ஏற்பட்டவை. பாதுகாப்புத் தரும் காகிதமே கட்டுப்படுத்தும் காகிதமாகவும் இருப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று.

கி.பி. 1325இல் தஞ்சா நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் பயண நூல் இத்தகைய அனுமதிகளின் களஞ்சியம். எகிப்துக்கும் ஷாமுக்கும் இடையிலுள்ள கத்யா என்னும் இடத்தில் அனுமதிச்சீட்டு இல்லாமல் யாரும் கடக்க முடியாது என்று அவர் எழுதுகிறார். இரவில் மணலைச் சமன்செய்து வைப்பார்கள். காலையில் காலடித் தடம் தெரிந்தால் கள்ளத்தனமாகக் கடந்தவனைத் தேடிப் பிடிப்பார்கள். முல்தானில் நிலைமை நேர்மாறு. தில்லி சுல்தான் முஹம்மத் இப்னு துக்ளக் தம் நாட்டுக்கு வருவோர் அங்கேயே தங்கிப் பணியாற்றவேண்டும் என விரும்பினார். தங்குவதற்கே வந்தேன் என்று இப்னு பதூதா காழியின் முன்னிலையில் எழுதிக்கொடுத்த பிறகுதான் மேலே செல்ல முடிந்தது.

நமக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி கி.பி. 1344இல் இலங்கைக் கரையில் நடந்தது. மாலத்தீவிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட அவருடைய கப்பல் திசைமாறிப் புத்தளம் பக்கம் ஒதுங்கியது. அது யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்குட்பட்ட துறை. அங்கே இறங்க மாலுமிகள் அஞ்சினார்கள். இப்னு பதூதா தாம் மஅபர் சுல்தானின் உறவினர் என்று அறிமுகம் செய்துகொண்டார். அது உண்மையே, அவர் ஒரு காலத்தில் மணந்திருந்த பெண்ணின் சகோதரிதான் மதுரை சுல்தானின் மனைவி. பாரசீக மொழி அறிந்திருந்த மன்னர் அவரை வரவேற்று விருந்தினராக வைத்துக்கொண்டார். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவட்டைத் தரிசிப்பது ஒன்றே என் விருப்பம் என்றார். மன்னர் பல்லக்கும், வழிகாட்ட யோகியரும் பிராமணரும், உணவு சுமக்க ஆட்களும் தந்து அனுப்பினார். அவர் திரும்பும்வரை கப்பல் தலைவனையும் தம் விருந்தினனாகவே காத்தார்.

சுற்றுலா விசா என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைப்பது அரிது. பயணி தாம் யார் என்பதை மறைக்கவில்லை, எதற்கு வந்தார் என்பதையும் மறைக்கவில்லை, பார்த்துவிட்டுத் திரும்பினார். சைவ மன்னர் ஒருவர் முஸ்லிம் பயணிக்கு, இந்துத் துறவியரின் துணையோடு, தம் மண்ணைத் திறந்துவிட்டார்.

கடல் அடைபட்ட காலம்

இந்த இணக்கம் நீடிக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்தியப் பெருங்கடலில் ‘கர்த்தாஸ்’ என்னும் கடற்சீட்டு முறையைத் திணித்தார்கள். அவர்களிடம் பணம் கட்டிச் சீட்டு வாங்காத கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாமே கலம் செலுத்திய மரக்காயர்களும் மாப்பிள்ளைமார்களும் தம் கடலில் செல்ல அந்நியரின் சீட்டுக்குக் கையேந்த நேர்ந்தது. ஹஜ் பயணிகளின் கப்பலும் தப்பவில்லை. அச்சீட்டுகளில் மர்யம், ஈஸா (அலை) உருவங்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காரணம் காட்டி, இந்நிலையில் ஹஜ் கடமையில்லை என்று அக்பர் காலத்து அறிஞர் ஒருவர் தீர்ப்பே வழங்கினார். ஆயினும் ஹஜ் பயணங்கள் நிற்கவில்லை. அனுமதி முறை அநீதியாகவும் அமையக்கூடும் என்பதற்கு இது சான்று. அதை நாம் மறைக்கத் தேவையில்லை.

இன்றைய கடவுச்சீட்டு முறை முதல் உலகப் போரின் குழந்தை. போருக்காக ஐரோப்பிய நாடுகள் எல்லைகளை இறுக்கின. போர் முடிந்த பிறகும் தளர்த்தவில்லை. இந்தியாவிலும் 1920இல் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. என்றாலும் நம் மக்கள் இலங்கைக்குச் செல்வதற்கு நெடுங்காலம் பெரிய தடை இருக்கவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையில் ரயிலேறி தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கடை வைத்திருந்தவர்களின் குடும்பம் இக்கரையில் இருந்தது. ஓர் ஊரின் இரு தெருக்களைப் போல இரு கரைகளும் இருந்தன.

விடுதலைக்குப் பின் இலங்கை 1948இல் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தை இயற்றியது. அதுவரை சொந்தக் கடைக்குச் சென்றவர் விசா பெற்றுச் செல்லும் அந்நியரானார். அனுமதியின்றிப் படகேறியவர்களைக் குறிக்கப் பிறந்த ‘கள்ளத்தோணி’ என்னும் சொல், பிறகு பரம்பரையாக அம்மண்ணில் உழைத்த தமிழர்கள் மீதும் வசையாக வீசப்பட்டது. சிலர் ஒளிந்து செய்த பயணத்தின் பழி, முறையாக வாழ்ந்த பலரின் தலையில் விழுந்தது. நாம் இன்று எழுதும் ஒவ்வொரு பொய்யும் நாளை நேர்மையாக விண்ணப்பிக்கும் இன்னொரு குடும்பத்தின் நிராகரிப்பாக மாறுவது இவ்வாறுதான்.

நம் கையெழுத்து

இன்று ஜெர்மனியில் இருக்கும் மகன் பெற்றோரை அழைக்கும்போது, அரசு அலுவலகத்தில் ஒரு பொறுப்பேற்பு உறுதிமொழியில் கையெழுத்திடும் முறை உண்டு. விருந்தினரின் தங்குமிடம், உணவு, மருத்துவம் ஆகியவற்றுக்கு அரசு செலவிட நேர்ந்தால் அதை அவரே ஈடுசெய்யவேண்டும். உம்மு ஹானி (ரலி) வாசலில் நின்று கொடுத்த வாக்கின் இன்றைய வடிவம் இது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களில் 90 நாள் தங்கலாம். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் விசாவின்றியே அனுமதிக்கிறது. இவை யாவும் காலம் குறித்த அமான்கள்.

இந்நிலையில் நம்மிடையே நடப்பதை நாம் அறிவோம். சுற்றுலா என்று எழுதிச் சென்று கடையில் வேலைக்கு நிற்பது. உறவே இல்லாதவரை மச்சான் என்று சொல்லி அழைப்புக் கடிதம் வாங்கித் தருவது. வங்கிக் கணக்கில் இரண்டு வாரத்துக்குக் கடன்பணம் போட்டுக் காட்டுவது. நாள் முடிந்தும் திரும்பாமல் மறைந்து வாழ்வது. வறுமையும் கடனும் பலரை அங்கே தள்ளுகின்றன. அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் அப்படிப் போன பிள்ளை கூலி மறுக்கப்பட்டாலும் முறையிட முடிவதில்லை. வாப்பாவின் மௌத்துக்கும் வந்து சேர முடிவதில்லை. அவனுக்காகக் கையெழுத்திட்ட உறவினரும் தலைகுனிந்து நிற்கிறார்.

வழிபாட்டுக்காகத்தானே, அல்லாஹ் மன்னிப்பான் என்பதும் ஒரு வாதம். சவூதி அரசு 2019 செப்டம்பரில் சுற்றுலா விசாவை அறிமுகம் செய்தது. அதில் சென்று உம்ரா செய்யலாம். ஹஜ்ஜுக்கு அது செல்லாது. ஆயினும் 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் ஏராளமானோர் பிற விசாக்களில் சென்று, ஹஜ் அனுமதியின்றிக் கலந்துகொண்டார்கள். வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிய அந்நாட்களில், அனுமதி பெற்றோருக்கான குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் அவர்களுக்குக் கிட்டவில்லை. இறந்தோர் 1,301 பேர் என்றும், அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்து வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பலர் முகவர்களால் ஏமாற்றப்பட்ட எளிய மக்கள். எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்தது. அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக. அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்லக்கூடாது என்று அந்நாட்டு மூத்த அறிஞர்கள் அவை அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு முன்பே அறிவித்திருந்தது. ஹுதைபிய்யாவில் இஹ்ராமைக் களைந்து திரும்பியவர்களை அப்போது நினைத்துப் பார்த்திருக்கலாம். வாசல் வரை சென்று திரும்பிய அந்தப் பயணத்தைத் தெளிவான வெற்றி என்று அல்லாஹ் தன் திருமறையில் (48ஆவது அத்தியாயம்) குறிப்பிட்டதாகவே விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள்.

எனவே, அடுத்த முறை அந்தப் படிவம் நம் மேசைக்கு வரும்போது சிலவற்றை நினைவில் கொள்வோம். நோக்கம் என்ற இடத்தில் உண்மையான நோக்கத்தை எழுதுவோம். வேலை தேடுவதானால் வேலைக்கான வழியிலேயே விண்ணப்பிப்போம். அழைப்புக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் வருபவர் யார், எப்போது திரும்புவார் என்பதை விசாரிப்போம். அது நம் பெயரால் கொடுக்கப்படும் அமான். நிராகரிக்கப்பட்டால் குறையைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிப்போம். ஓராண்டு காத்திருந்து மீண்டும் சென்றது நபிவழிதான். அனுமதி கிடைத்துச் சென்றால், அந்நாட்டின் விருந்தினராக நடந்துகொண்டு, நாள் முடியுமுன் புறப்படுவோம். பேரப்பிள்ளையின் கை நம் விரலை இறுகப் பிடித்திருக்கும். இன்னும் ஒரு வாரம் இருங்களேன் என்று மகள் அழுவாள். மைமூனா (ரலி) அவர்களின் மணவிருந்து மக்காவில் நடக்காமலே போனதை அப்போது அவளுக்குச் சொல்லலாம்.

நம் சபர்களை எளிதாக்கி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் வலிமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.